இஃப் வாக்கியங்களைக் கண்டு பயப்பட வேண்டாம்

'இது நடந்தால் அது நடக்கும்' என்று 'இஃப்' போட்டுச் சொல்லும் ஆங்கில நிபந்தனை வாக்கியங்களை முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வகை எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு யாரும் பேசுவதில்லை.

பிள்ளைகளை அதிகம் குழப்புவது இரண்டாம் வகைதான். 'இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை எ ஹவுஸ்.' பேச்சு இன்றைய நிலையைப் பற்றியது. பிறகு 'ஹேட்' என்ற இறந்தகாலம் எதற்கு? இங்கே அது காலத்தைக் காட்டவில்லை. கையில் பணம் இல்லை, இது வெறும் கற்பனை என்று காட்டுகிறது. முதல் வகையில் 'இஃப் ஐ ஹேவ் மணி, ஐ வில் பை' என்றால் பணம் இருக்க வாய்ப்பு உண்டு. தமிழில் 'பணம் இருந்தால் வாங்குவேன்' என்பதே இரண்டுக்கும் போதும். அதனால்தான் இந்த வேறுபாடு நம் கண்ணில் எளிதில் படுவதில்லை.

பலரும் அஞ்சும் மூன்றாம் வகை உண்மையில் நமக்கு நெருக்கமானது. 'நீ சொல்லியிருந்தால் வந்திருப்பேன்': 'இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்.' நீ சொல்லவுமில்லை, நான் வரவுமில்லை. நம் 'இருந்தால்' அங்கே 'ஹேட்', நம் 'இருப்பேன்' அங்கே 'வுட் ஹேவ்'.

'இஃப் இட் வில் ரெயின் டுமாரோ' என்று மட்டும் எழுதாதீர்கள், 'ரெயின்ஸ்' போதும். நாமும் 'நாளை மழை பெய்தால்' என்று இறந்தகால வடிவிலிருந்துதானே எதிர்காலத்தைச் சொல்கிறோம்! ஆனால் 'இஃப் யூ வில் வெயிட் எ மினிட்' சரியே. அங்கே 'வில்' எதிர்காலம் அல்ல, காத்திருக்கச் சம்மதமா என்ற பணிவான கேள்வி.