புதைஞ்ச பல்லை எல்லாம் பிடுங்கணுமா?

"எக்ஸ்ரேல பல் புதைஞ்சு இருக்கு, எடுத்துடலாமா டாக்டர்?" அடிக்கடி கேட்கிற கேள்வி. வலி, சீழ், நீர்க்கட்டி, பக்கத்துப் பல்லில் சொத்தை எதுவும் இல்லையா? விட்டுட்டு அப்பப்போ கண்காணிச்சா போதும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு (சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடுறது) ஞானப்பல்லுக்கு 2000லேயே இப்படித்தான் வழிகாட்டுச்சு.

முன்பக்கம் சாய்ஞ்சு பக்கத்துப் பல்லை முட்டிட்டு நிக்கிற ஞானப்பல் எங்களுக்குப் பழகின கேஸ். தலைகீழா இருக்கிறது, மேல்தாடை சைனஸுக்குள்ள (எலும்புக்குள்ள இருக்கிற காத்து அறை) போய் உக்காந்திருக்கிறது, ரெண்டு கடைவாய்ப்பல் கடிக்கிற பரப்பை ஒட்டவச்சு வேர்களை எதிரெதிரா நீட்டியிருக்கிறது... இதெல்லாம் அபூர்வம். பார்த்ததும் கத்தியைத் தூக்கக் கூடாது.

ஓபிஜி படத்துல (ரெண்டு தாடையையும் ஒரே படமா காட்டுற எக்ஸ்ரே) என் கண்ணு முதல்ல போறது கீழ்த்தாடை நரம்புக் குழாய்க்கு. அதோட வெள்ளைக்கோடு வேர்கிட்ட வந்து அறுபடுதா? வேர் அந்த இடத்துல மட்டும் கறுத்துத் தெரியுதா? அப்படின்னா சிபிசிடி (முப்பரிமாண ஸ்கேன்) எடுத்தே ஆகணும். அந்த நரம்பு அடிபட்டா கீழுதடும் முகவாயும் மரத்துப்போகும், சிலருக்கு நிரந்தரமா.

அங்கேதான் கொரோனெக்டமி கைகொடுக்குது. பல்லோட தலையை மட்டும் வெட்டி எடுத்துட்டு வேரை உள்ளேயே விட்டுடுவோம். (பாதிப் பல்லை விட்டுட்டாருன்னு திட்டு விழும், விழட்டும்!) வேர்ல தொற்றோ ஆட்டமோ இருந்தா மட்டும் இது சரிப்படாது.

பிள்ளைகளுக்கு 13 வயசு தாண்டியும் ஒருபக்கம் ரெண்டாம் கடைவாய்ப்பல் வரலைன்னா படம் எடுத்துப் பாருங்க. வேர் முழுசா வளர்றதுக்குள்ள தெரிஞ்சா, பல நேரம் கிளிப் போட்டே நிமிர்த்திடலாம்.