திரைத் தடுப்புக்குள் இருந்து

விமான நிலையத்தில் பெண்களைச் சோதிக்கும் திரைத் தடுப்புக்குள் பல வருடங்கள் வேலை பார்த்தேன். நம் ஊர்ப் பெண்கள் உடம்பில் உலோகத்துக்குப் பஞ்சமில்லை. தாலிக்கொடி, மெட்டி, கொலுசு, புடவை மடிப்பில் குத்திய ஊக்கு, அதுபோக அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வளையலில் கோத்த ஊக்கு. கையிலிருக்கும் மெட்டல் டிடெக்டர் எல்லாவற்றுக்கும் கத்தும். கத்தினால், எதற்கு என்று பார்த்தாக வேண்டும்.

மகள் பிரசவத்துக்காக வெளிநாடு கிளம்பிய ஒரு பாட்டி வந்தார். முழங்காலுக்கு நேரே டிடெக்டர் கத்தியது. நான் வாயைத் திறப்பதற்குள் அறுவை சிகிச்சைத் தழும்பைக் காட்டப் புடவையைத் தூக்கிவிட்டார். “வேண்டாம் பாட்டிம்மா, இறக்கி விடுங்க. துணிக்கு மேலேயே பார்த்துக்கறேன்” என்றேன். “பரவாயில்லம்மா, நல்லாப் பாத்துக்கோ. அப்புறம் ஃபிளைட்ல ஏத்தமாட்டேன்னு சொல்லிடாதே” என்றார்.

சண்டை போடும் பயணிகளைப் பற்றி எங்களுக்குள் நிறையப் பேசுவோம். எனக்கென்னவோ இந்தப் பாட்டி மாதிரி ஆட்கள்தான் கவலை தந்தார்கள். சீருடை கேட்டால் எதையும் கொடுத்துவிட வேண்டும் என்று நம்புகிறவர்களிடம், எல்லை எது என்பதைச் சோதிப்பவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சோதனை வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1999 டிசம்பரில் விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பிறகுதான், 2000 முதல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை விமான நிலையங்களுக்கு வந்தது. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்பதும் 2006-இல் லண்டனில் பிடிபட்ட சதிக்குப் பின் வந்ததுதான். கேள்வி, எவ்வளவு, எப்படி என்பதில்தான்.

2009 ஏப்ரலில் டெல்லியில் அப்துல் கலாமை ஓர் அமெரிக்க விமான நிறுவனம் சோதித்தது. விலக்குப் பட்டியலில் இருப்பவரையா என்று நாடாளுமன்றம் வரை போய், நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அவரோ முகம் சுளிக்காமல் ஷூவைக் கழற்றிக் கொடுத்திருந்தார். கோபம் நியாயம்தான். ஆனால் பட்டியலில் இல்லாத முதியவர் ட்ரேயில் செருப்பைப் போட்டுவிட்டுத் தடுமாறி நிற்பதற்கு யார் கோபப்படுகிறார்கள்?

எனக்குப் பெரிதாகப் பட்டது 2021-இல் நடனக் கலைஞர் சுதா சந்திரன் எழுப்பிய கேள்வி. ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், வெடிமருந்துத் தடயம் பார்க்கும் கருவியால் சோதியுங்கள் என்றாலும் கேட்பதில்லை என்றார். படை மன்னிப்புக் கேட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அது சோதனைச் சாவடிக்கு வரும்போது இப்படித்தான் வரும் என்பது என் எண்ணம்: துணியால் துடைத்துக் கருவியில் வைத்தால் தெரிந்துவிடும் என்றால், காலைக் கழற்றச் சொல்ல எனக்கு என்ன வேலை?

சரி, பிறகு ஏன் கழற்றச் சொல்கிறார்கள்? பெரும்பாலும் திமிர் இல்லை, நேரம். விடிகாலையில் அடுத்தடுத்து நாலு விமானம் கிளம்பும். கருவி வேறு வரிசையில் இருக்கும். எடுத்து வர ஆள் போக வேண்டும். ஆண்களுக்கு மூன்று வரிசை, பெண்களுக்கு ஒரே தடுப்பு. பின்னால் மேலதிகாரி “சீக்கிரம், சீக்கிரம்” என்பார். மரியாதையாக நடந்துகொள்ளுங்கள் என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள், நல்லதுதான். இன்னொரு தடுப்பும் இன்னும் இரண்டு பெண் காவலர்களும் கேட்டு நாங்கள் எழுதிக் கொடுத்ததற்குத்தான் பதிலே வரவில்லை.