மூன்று வருடச் சீட்டு

11 நவம்பர் 2024, திங்கள்

ஆஸ்திரேலிய விசாவுக்காக எழுதிய ஆங்கிலத் தேர்வின் முடிவு வந்துவிட்டது. கேட்டல் 8, வாசிப்பு 7.5, பேச்சு 7, எழுத்து 6.5. நான்கிலும் 7 இருந்தால்தான் விசாக் கணக்கில் 10 புள்ளி. ஒன்றில் அரை குறைந்தாலும் ஒன்றும் கிடையாது. சந்தைக்குப் போய் வந்த ஆத்தா (எங்கள் வழக்கில் அம்மா) காய்ப் பையைக் கீழே வைப்பதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "திரும்ப எழுதிக்கலாம், மொதல்ல சாப்பிடு" என்றார்கள்.

நிறையப் பேர் கேட்பதால் கணக்கை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவுக்குத் தொழில் திறமையை வைத்து, புள்ளிக் கணக்கில் போக மூன்று வாசல், மூன்று விசா எண்கள். 189, யாருடைய பரிந்துரையும் இல்லாமல் நம் புள்ளியிலேயே போவது. 190, ஒரு மாநிலம் நம்மை முன்மொழிவது. 5 புள்ளி கூடும், நேரே நிரந்தர விசா. மூன்றாவது 491. மாநிலம் முன்மொழிந்தால் 15 புள்ளி கூடும், ஆனால் கையில் கிடைப்பது ஐந்து வருடத் தற்காலிக விசா. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதிகளில்தான் குடியிருந்து வேலை பார்க்க வேண்டும். மூன்று வருடம் அந்த விசாவில் இருந்து, மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் காட்டினால் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 2019 நவம்பரில் வந்த ஏற்பாடு இது. கனடாவிலும் போக்கு இதேதான். அங்கே ஒரு மாகாணம் முன்மொழிந்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற அவர்களுடைய புள்ளிக் கணக்கில் 600 புள்ளி ஏறும்.

நான் குறிவைத்திருப்பது 491. என் புள்ளிக்கு எட்டுவது அதுதான். அது மட்டும் காரணம் இல்லை, அதை அப்புறம் எழுதுகிறேன்.

8 டிசம்பர் 2024, ஞாயிறு

மூன்று வாரமாக இரவெல்லாம் எழுத்து வேலை. விசாவுக்கு முன் திறன் மதிப்பீடு உண்டு. நான் சிவில் இன்ஜினியர் என்று எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா என்ற பொறியாளர் அமைப்பு ஒப்புக்கொள்ள வேண்டும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா முழு உறுப்பினரானது 2014-ல். நான் படிப்பை முடித்தது 2013-ல். அதனால் செய்த வேலைகளில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றையும் விரிவாக எழுதிக் காட்ட வேண்டும்.

ஒன்றுக்கு, நாங்கள் பழுதுபார்த்த பள்ளத்தூர்ச் செட்டிநாட்டு வீட்டை எடுத்துக்கொண்டேன். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி ஓடும் தாழ்வாரத்தில் பர்மா தேக்கு உத்தரம் ஒன்று. பார்த்தால் கருங்கல் மாதிரி இருக்கும். சுவருக்குள் போகும் முனையில் உளியை வைத்ததும் ஒரு சாண் உள்ளே போய்விட்டது. மேலே ஓடு விலகி, எத்தனை மழைக்காலமோ அந்த மூலையில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கையை விட்டு அள்ளினேன், காப்பித்தூள் போல வந்தது. முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, இரண்டு பக்கமும் எஃகுத் தகடு வைத்து இறுக்கிப் புதுத் தேக்கை ஒட்டினோம். தகட்டின் கனமும் போல்ட்டின் இடைவெளியும் என் கணக்கு.

இதில் எனக்குச் சிரமம் கொடுத்தது கணக்கு இல்லை, "நான்" என்ற சொல். "நாங்கள் செய்தோம்" என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள். நான் பார்த்தேன், நான் முடிவெடுத்தேன் என்றே எழுத வேண்டும். பதினோரு வருடமாக ஆசாரியோடும் கொத்தனாரோடும் சேர்ந்து வேலை பார்த்தவளுக்கு அது வாயில் வரவே இல்லை. ஆசாரியிடமே போய்ச் சொன்னேன். "கணக்குப் போட்டது நீங்கதானே ஆச்சி, அதை எழுதுங்க" என்றார். அதற்கப்புறம்தான் பேனா ஓடியது.

இதையெல்லாம் காசுக்கு எழுதித் தர ஆள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். காப்பியடித்தது தெரிந்தால் மறுத்துவிடுவார்கள், தடையும் போடுவார்கள்.

6 ஜனவரி 2025, திங்கள்

பிள்ளையார் நோன்பு கழிந்தது. நோன்புச் சடங்காக இழை எடுத்துக்கொண்ட இரவு அப்பத்தா பட்டாலையில் உட்கார்ந்து பழசையெல்லாம் பேசினார்கள்.

ஐயா, அதாவது அப்பத்தாவின் வீட்டுக்காரர், பினாங்குக் கடைக்குப் போனது சம்பளச் சீட்டில். இத்தனை சம்பளம், மூன்று வருடத் தவணை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறியிருக்கிறார்கள். தவணை முடிந்து வந்து சில மாதம் இருந்துவிட்டு, மறுபடி ஒரு சீட்டு. அப்பச்சி (என் அப்பா) பிறந்தபோது ஐயா ஊரில் இல்லை. பிள்ளை முகத்தைப் பார்க்கும்போது பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டதாம்.

என் விசாவிலும் மூன்று வருடம் என்றதும் அப்பத்தா நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை இங்கயா இருப்பாக?"

"இல்லை அப்பத்தா, விசா என் பேரில். அவர் என்னோடு வருகிறார். பிள்ளையும்தான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அப்பச் சரி ஆத்தா. ஆளுக்கொரு திக்குல இருக்கறது மட்டும் வேணாம்" என்றார்கள்.

17 மார்ச் 2025, திங்கள்

எழுத்தில் 7 வந்துவிட்டது. இதே மாதத்தில் எனக்கு 33 வயதும் முடிந்துவிட்டது. 32 வரை வயதுக்கு 30 புள்ளி, 33-லிருந்து 25. விசாவுக்கு விண்ணப்பிக்க அழைப்பு வரும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. நவம்பர்த் தேர்வில் அந்த அரை மதிப்பெண் தவறாமல் இருந்திருந்தாலும் திறன் மதிப்பீடு வராமல் ஒன்றும் நடந்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

24 ஏப்ரல் 2025, வியாழன்

மதிப்பீடு வந்தது. சிவில் இன்ஜினியர் என்று ஒப்புக்கொண்டு, எட்டு வருடத்துக்கு மேலான அனுபவத்தையும் ஏற்றிருக்கிறார்கள். வயது 25, ஆங்கிலம் 10, பட்டம் 15, அனுபவம் 15, வீட்டுக்காரர் ஆங்கிலத் தேர்வில் தேறியதற்கு 5. ஆக 70. குறைந்தபட்சம் 65 வேண்டும். மாநிலம் முன்மொழிந்தால் 85.

இன்றே விசாவுக்கான விருப்பப் பதிவு போட்டாயிற்று. அது இரண்டு வருடம் நிற்கும். மாநிலமாகத் தெற்கு ஆஸ்திரேலியாவைக் குறித்தேன். அடிலெய்டு உட்பட அந்த மாநிலம் முழுதும் 491-க்குச் செல்லும். என் மனதில் இருப்பது அடிலெய்டு இல்லை, அங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் மவுண்ட் கேம்பியர். அந்த ஊரின் பழைய கட்டடங்கள் பல அங்கேயே வெட்டி எடுத்த சுண்ணாம்புக் கல்லில் கட்டியவை. படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லுக்குக் கல் இடையில் இருக்கும் இணைப்பைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது.

19 மே 2025, திங்கள்

தெரிந்தவர் சொன்னார் என்று திருச்சியில் ஒரு ஆலோசகரைப் போய்ப் பார்த்தோம். முன்பணம் கட்டினால் மாநிலப் பரிந்துரை உறுதி என்றார். அதை யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆஸ்திரேலிய மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடத்துக்கு இத்தனை இடம் என்று பிரித்துக் கொடுக்கிறது. அதற்குள் யாரை எடுப்பது என்பது மாநிலத்தின் முடிவு. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் தாங்கவில்லை. "சின்ன ஊர்னு எழுதி உள்ள போயிருங்க மேடம், ஆறு மாசத்துல மெல்போர்ன் போயிரலாம்."

நிபந்தனையை மீறினால் விசாவே ரத்தாகலாம் என்பது ஒரு பக்கம். கானாடுகாத்தான் தெருக்களில் நடந்தவர்களுக்கு இன்னொரு பக்கம் தெரியும். ஒரு வீதி நீளத்துக்கு முகப்பில் பூட்டு. உள்ளே ஒரு காவல்காரர், வளவில் சருகு. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கதவு திறக்கும். எல்லோரும் பெரிய ஊருக்கே போனால் ஒரு ஊர் என்ன ஆகும் என்பதை அந்த உத்தரத்துக்குள் கைவிட்டுப் பார்த்தவள் நான். தங்க ஆள் வேண்டும் என்று ஒரு ஊர் கேட்டு, அதற்காக 15 புள்ளியும் தருகிறது. வாங்கிக்கொண்டு ஏமாற்ற என்னால் ஆகாது. முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிட்டோம்.

30 ஜூன் 2025, திங்கள்

அங்கே நிதியாண்டு இன்றோடு முடிகிறது. அழைப்பு வரவில்லை. அடுத்த ஆண்டுக்கான இடங்களைப் பிரித்துக் கொடுத்த பிறகு மாநிலங்கள் மறுபடி எடுக்க ஆரம்பிக்கும். முன்மொழிவு வந்தால் விண்ணப்பிக்க 60 நாள்தான் இருக்கும். அதனால் வீட்டுக்காரர் பிறப்புச் சான்றுகளையும் வேலைக் கடிதங்களையும் இப்போதே ஒரு கோப்பில் அடுக்கி வைத்துவிட்டார்.

அப்பத்தா தினமும் கேட்கிறார்கள், "சீட்டு வந்துருச்சா?" என்று. இன்னும் இல்லை அப்பத்தா.

கண்டனூரில் புது வேலை தொடங்குகிறது. நாளைக்குச் சுண்ணாம்பு ஊறப்போட வேண்டும், கொத்தனார் ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்.