நாமினி பக்கத்தை இன்றைக்கே பாருங்கள்

பணியில் இருக்கும்போதே இறந்த அரசு ஊழியரின் குடும்பத்துக்குத் தரும் குடும்பப் பாதுகாப்பு நிதியின் 5 லட்சம் ஒருவழியாக அக்கவுண்டில் ஏறிவிட்டது. ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை. எங்க வீட்டுக்காரர் 1999 பேட்ச் காவலர். பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார்.

இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ் எல்லாம் சிக்கலில்லாமல் வந்தன. மாட்டிக்கொண்டது அலுவலகத்தில்தான். செக்‌ஷன் எழுத்தர் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு காகிதம் கேட்பார். கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்தது. "என்னென்ன வேணும்னு ஒரேயடியா சொல்லீட்டீங்கன்னா வாங்கீட்டு வந்துருவேனுங்க" என்றேன். "பார்க்கப் பார்க்கத்தானேம்மா தெரியும்" என்றார். பஸ் ஏறி அலைவது அவரா?

அப்புறம் கோப்பே திரும்பி வந்தது. பணிப்பதிவேட்டில் நாமினி என் மாமியார்! வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீல மையில் எழுதியது, மாற்றவே இல்லை. மாமியார் காலமாகி வருஷங்கள் ஆகின்றன. போதாததற்கு என் ஆதாரில் அப்பா இனிஷியல், வாரிசு சான்றிதழில் வீட்டுக்காரர் இனிஷியல். "ரெண்டும் நீங்கதான்னு எப்படிங்க நம்பறது?" என்றார். ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் உடம்பை வாங்கக் கையெழுத்துப் போட்டதும் இதே கைதான்.

விஷயம் வீட்டுக்காரருடைய பேட்ச்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பிள்ளைகள் பெயரில் டெபாசிட் செய்து கொடுத்தவர்களும் இவர்கள்தான். பெருந்துறையிலிருந்து ஒரு அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்தார். "நீ பேசாம இரு அம்மிணி, நான் பேசிக்கறேன்." தாராபுரம் பக்கம் இதே பேட்ச் குடும்பம் ஒன்று பட்ட பாட்டில் தேறிய, என்னென்ன காகிதம் வேணும் என்ற பட்டியல் அவரிடம் இருந்தது. மாமியாரின் இறப்புச் சான்றிதழ், இரண்டு பெயரும் ஒருவரே என்ற சான்று, எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினார். நகலில் தேதியோடு முத்திரை போட்டு வாங்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. அதற்கப்புறம் கோப்பு தானாக நகர்ந்தது.

எதைக் கொடுத்தாலும் நகலில் முத்திரை வாங்குங்கள், கோப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியக் கணக்கே வேறு, அதனால் அவரவர் பேட்ச் ஆட்களிடமே விசாரியுங்கள். இறந்தவரின் குடும்பத்தில் ஒருவருக்குத் தரும் கருணை வேலைக்கு, இறந்த தேதியிலிருந்து 3 வருஷத்துக்குள் மனு போட வேண்டும். முதலில் பணம் வரட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நான் அந்தக் கருணை வேலையாகக் காவல் நிலைய வரவேற்பாளர் வேலைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் அதற்கும் பட்டியல் அனுப்பிவிட்டார். முதல் வரியே, மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற சான்று. அதற்குத் தாலுகா ஆபீஸ் போக வேண்டும்.