பில் யார் பெயரில்?

"வட்டி என்று சொல்லாமல் இலாபம் என்கிறார்கள், அவ்வளவுதானே?" வங்கியே பொருளை வாங்கி, இலாபம் வைத்துத் தவணைக்கு விற்கும் முராபஹா முறையைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி இதுதான். பழைய கேள்வியும்கூட. வியாபாரமும் வட்டியைப் போன்றதுதானே என்று சொன்னவர்களைப் பற்றி குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம் பேசுகிறது. வியாபாரம் ஆகுமானது, வட்டி தடுக்கப்பட்டது என்ற தீர்ப்பும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. ஆனால் வசனத்தை ஓதிவிட்டால் ஒரு கொடுக்கல் வாங்கல் வியாபாரமாகிவிடாது. பொருள் உண்மையிலேயே கைமாறியதா, எந்தத் திகதியில் மாறியது, இடையில் யார் பொறுப்பில் இருந்தது என்று பார்க்க வேண்டும். கோப்பில் உள்ள தாள்களைத் திகதி வரிசையில் அடுக்கினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

காத்தான்குடியில் பேக்கரி வைத்திருக்கும் ஒருவருக்கு மின்சாரப் போறணை (பாண், ரொட்டி சுடும் அடுப்பு) ஒன்று தேவை, விலை 10 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வட்டிக் கடனில் வங்கி பணத்தைக் கொடுக்கும். அவர் போறணை வாங்கினாரா, வீட்டுக் கூரை போட்டாரா என்பது இரண்டாம் பட்சம். முராபஹாவில் வங்கியே போறணையை வாங்கி, அடக்க விலை இவ்வளவு, என் இலாபம் இவ்வளவு என்று திறந்து சொல்லி, தவணைக்கு விற்கிறது. அடக்க விலையைச் சொல்லாமல் விற்றால் அது முராபஹாவே அல்ல.

முதல் தப்பு பெரும்பாலும் கடையிலேயே நடந்துவிடுகிறது. பேக்கரிக்காரர் கொழும்புக்குப் போகிறார், போறணை பிடித்துவிடுகிறது, வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று 1 இலட்சம் முற்பணம் கட்டித் தன் பெயரில் பில் போட்டுக்கொள்கிறார். அதன் பிறகு வங்கிக்கு வருகிறார். அங்கே வியாபாரம் முடிந்துவிட்டது. அவருக்கும் கடைக்காரருக்கும் இடையே விற்கப்பட்ட பொருளை வங்கி எப்படி வாங்கி எப்படி விற்கும்? மிச்சம் 9 இலட்சத்தை வங்கி கட்டினால் அது கடன். அதன் மேல் வரும் இலாபம் வட்டி. இதைச் சரி செய்ய ஒரே வழி, கடைக்காரரோடு அந்த வியாபாரத்தை முறித்து, முற்பணத்தைத் திருப்பி வாங்கி, வங்கி பெயரில் புதிதாக விலை கேட்பதுதான். அலைச்சல்தான், ஆனாலும் செய்ய வேண்டும். பில்லில் பெயரை மட்டும் அழித்து மாற்றுவது திருத்தம் ஆகாது.

ஒழுங்கான முறையில், விலைமனு வந்ததும் வாடிக்கையாளர் "நீங்கள் வாங்கினால் நான் உங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று வாக்குறுதி கொடுக்கிறார். இது வாக்குறுதி, விற்பனை ஒப்பந்தம் அல்ல. வங்கி இதற்கு ஒரு வைப்புத் தொகை வாங்கலாம். அவர் பின்வாங்கி, வங்கி அந்தப் போறணையை வேறொருவருக்கு 9 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு விற்க நேர்ந்தால், அசல் நட்டமான 60 ஆயிரத்தை அந்தத் தொகையிலிருந்து கழிக்கலாம். "எங்களுக்கு வந்திருக்க வேண்டிய இலாபம்" என்று அதற்கு மேல் எடுக்க முடியாது.

அடுத்து வங்கி வாங்குகிறது. பணம் நேரே விற்பனையாளரின் கணக்குக்குப் போக வேண்டும். வாடிக்கையாளரையே முகவராக வைத்து வாங்கச் செய்யும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கு நியமங்கள் வகுக்கும், பஹ்ரைனிலுள்ள ஆயோஃபி (AAOIFI) அமைப்பின் 8ஆம் இலக்க ஷரீஆ நியமம், வேறு வழியில்லாதபோது மட்டும் அப்படிச் செய்யச் சொல்கிறது. காரணம் வெளிப்படை. முகவரும் அவரே, வாங்குபவரும் அவரே என்றால், பொருள் எந்த நிமிடத்தில் வங்கியுடையதாக இருந்தது என்பதை யாரும் காட்ட முடியாமல் போகிறது.

அந்த நிமிடம்தான் முழு விஷயமும். களஞ்சியத்திலிருந்து லொறியில் ஏற்றிய போறணை வழியில் கவிழ்ந்து நொறுங்கியது, விற்பனை ஒப்பந்தம் இன்னும் எழுதப்படவில்லை. நட்டம் வங்கிக்கு. பேக்கரிக்காரர் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. இந்தப் பொறுப்பைச் சுமப்பதால்தான் வங்கிக்கு இலாபம் ஆகுமாகிறது. ஒப்பந்தத்தின் எங்கோ ஒரு மூலையில் "விநியோகத்தின்போது ஏற்படும் சேதங்கள் வாடிக்கையாளரையே சாரும்" என்று ஒரு வரி இருந்தால், மேலே எத்தனை அரபுச் சொல் போட்டிருந்தாலும் பயனில்லை.

போறணை விஷயத்திலாவது பொருள் கண்ணெதிரே நிற்கும். கோதுமை மா வாங்கும்போதுதான் சிக்கல் கூடுகிறது. முகவராக 200 மூடை மா எடுத்தார், மறுநாளே பிசைந்து பாணாகச் சுட்டு விற்றும் விட்டார், விற்பனைப் பத்திரத்தில் ஒரு வாரம் கழித்துக் கையெழுத்து வைத்தார் என்றால், அந்தக் கையெழுத்து எதை விற்றது? இல்லாத மாவை. ஷரீஆ கணக்காய்வில் இப்படி அகப்படும் கொடுக்கல் வாங்கல்களின் இலாபத்தை வங்கி தன் வருமானத்தில் சேர்க்காமல் தர்மத்துக்கு ஒதுக்க வேண்டிவரும். மாவை இறக்கிய அன்றே, மூடை பிரிக்கும் முன்னே, வங்கிக்கு அறிவித்து விற்பனையை முடிப்பதுதான் இதற்கு மருந்து. ஒரு தொலைநகலோ மின்னஞ்சலோ போதும்.

விற்பனை முடிந்த பின் விலை அசையாது. தவணை பிந்தினால் தாமதக் கட்டணம் விதிக்கலாம், ஆனால் அது வங்கியின் பைக்குப் போகாது, தர்மக் கணக்குக்குத்தான் போகும். விற்பனையாளர் பிறகு 50 ஆயிரம் கழிவு கொடுத்தால், அதற்கேற்ப வாடிக்கையாளரின் விலையும் குறைய வேண்டும். இதைக் கேட்கத் தெரியாமல் பலர் இழக்கிறார்கள்.

விலையைப் பற்றியும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். 10 இலட்சத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம், 3 ஆண்டு என்றால் இலாபம் 3 இலட்சத்து 60 ஆயிரம், மாதத் தவணை 37,778 ரூபாய். குறைந்துவரும் நிலுவையில் கணக்கிட்டால் இது 21 சதவீதத்துக்குச் சற்று மேலே வருகிறது. 18 சதவீத வட்டிக் கடனைவிட இது மலிவு என்று நினைப்பது ஏமாற்றம். ஹலால் என்பதும் மலிவு என்பதும் இரண்டு வேறு கேள்விகள், இரண்டையும் கேட்க வேண்டும்.

தங்க நகையைத் தவணை முராபஹாவில் வாங்க முடியாது. தங்கம், வெள்ளி, நாணயம் மூன்றும் கைக்குக் கை மாற வேண்டியவை. வாகனத்துக்கு இஜாரா, அதாவது வங்கி வாங்கி வாடகைக்கு விடும் முறை, பொருந்தும். வாகனம் கைக்கு வந்த பின்புதான் வாடகை ஓட வேண்டும், அது முற்றாக அழிந்தால் வாடகையும் நிற்க வேண்டும்.

இலங்கையில் 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தம் இப்படியான இஸ்லாமிய வங்கிமுறைக்கு வழி திறந்தது, 2011இல் அந்த முறையில் இயங்கும் அமானா வங்கி தொடங்கியது. தமிழ்நாட்டில் உள்ளவர்கள் "எங்கள் வங்கியில் ஏன் இல்லை" என்று கேட்பார்கள். இந்தியாவின் 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வங்கிகள் சரக்கு வாங்கி விற்பதையே தடுக்கிறது. வங்கி போறணையை வாங்கக் கூடாது என்றால் முராபஹா எப்படி நடக்கும்? 2008இல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிமுறையைப் பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அதைத் தொடர்வதில்லை என்று முடிவு செய்துவிட்டது.

அதனால் அங்கே கைக்கு எட்டுவது ஜமாஅத் நடத்தும் பைத்துல்மால் என்ற பொதுநிதியும், நகை அடமானத்தின் பேரில் தரும் கர்ழன் ஹஸனா என்ற வட்டியில்லாக் கடனும்தான். அதிலும் ஒரு பொறி இருக்கிறது, செலவுக் கட்டணம். ஆண்டுக்கு 1,000 பேருக்குக் கடன் கொடுக்கிறார்கள், எழுத்தர் சம்பளம், பெட்டக வாடகை எல்லாம் சேர்த்து 3 இலட்சம் ஆகிறது என்றால், ஆளுக்கு 300 ரூபாய் வாங்கலாம். 10 ஆயிரம் வாங்கினாலும் 1 இலட்சம் வாங்கினாலும் பதிவேட்டில் எழுதும் வேலை ஒன்றுதான், ஆகவே கட்டணமும் ஒன்றுதான். கணக்குப் பார்க்கச் சோம்பி "கடனில் 2 சதவீதம்" என்று வைத்துவிட்டால், பைத்துல்மாலுக்குள்ளேயே வட்டி வந்து உட்கார்ந்துவிடும். ஆண்டு முடிவில் செலவைக் கூட்டி, மீதம் இருந்தால் கட்டியவர்களுக்கே திருப்ப வேண்டும், அல்லது அடுத்த ஆண்டுக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும்.