டர்பனில் ஐம்பது வயதுக்கு மேல் டிஸ்லெக்சியா: நாங்கள் ஏறி இறங்கிய படிகள்

என் கணவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கணக்கில் கெட்டிக்காரர். எந்த அடுக்கில் எத்தனை பெட்டி இருக்கிறது என்று பார்க்காமலே சொல்வார். ஆனால் ஒரு பக்க ஆங்கிலக் கடிதத்தை அவரால் வாசித்து முடிக்க முடியாது. அதற்குக் காரணம் டிஸ்லெக்சியா, அதாவது அறிவு இருந்தும் எழுத்தை வாசிக்கவும் எழுதவும் திணற வைக்கும் கற்றல் சிரமம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கவும், அந்தத் தாளை வைத்து அரசாங்கத்திடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளவும் நாங்கள் ரொம்பவே அலைந்தோம். "எழுது, என் பேர் மட்டும் போடாதே" என்று அவரே சொன்னதால் எழுதுகிறேன். டர்பனில் நம் ஆட்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கும் வீடுகள் எனக்கே சில தெரியும்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். வந்த புதிதில் எந்தக் கடிதம் வந்தாலும், "கண்ணாடியைக் காணோம், நீயே வாசி" என்பார். வெகு நாள் கழித்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அவர் பள்ளிக்குப் போனது எழுபதுகளில். ஒரு வகுப்பில் ஏகப்பட்ட பிள்ளைகள். வாசிக்கச் சொன்னால் திணறுவார், சோம்பேறி என்று அடி விழும். ஸ்டாண்டர்ட் ஃபைவோடு (இப்போதைய ஏழாம் கிரேடு) நின்றுவிட்டார். "அவன் அப்பவே எல்லாத்தையும் காதால கேட்டே மனப்பாடம் பண்ணிடுவான்" என்று அத்தை இன்றைக்கும் சொல்வார்.

கிடங்கில் எல்லா வேலையையும் கையடக்கக் கருவிக்கு மாற்றினார்கள். மேற்பார்வையாளர் ஆக ஒன்பதாம் கிரேடுக்குச் சமமான சான்றிதழ் வேண்டும் என்றும் சொன்னார்கள். அப்போதுதான் அவர் முதல் தடவையாக, "நான் படிக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டார்.

படிக்க இடம் இருக்கிறது. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு அடிப்படைக் கல்வியை எல்லாருக்கும் உரிமையாக்குகிறது, வயது வந்தோர் கல்வியும் அதில் அடக்கம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 2008இல் 47 லட்சம் பேருக்கு எழுத்தறிவு கொடுக்கும் இலக்கோடு கா ரி குடே இயக்கம் தொடங்கியது, ஆனால் நாங்கள் விழித்துக்கொள்வதற்குள் அது முடிந்துவிட்டது. இப்போது இருப்பவை கம்யூனிட்டி லேர்னிங் சென்டர்கள் என்னும் வயது வந்தோர் கல்வி மையங்கள். 2015 முதல் உயர்கல்வித் துறையின் கீழ், மாகாணத்துக்கு ஒரு கல்லூரி என்று ஒன்பது கல்லூரிகள் இந்த மையங்களை நடத்துகின்றன. பெரும்பாலும் சாதாரணப் பள்ளிக்கூடங்களில்தான் வகுப்பு நடக்கும். நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலை மூன்றாம் கிரேடுக்குச் சமம், நான்காவது ஒன்பதாம் கிரேடுக்குச் சமம். நான்காவதை முடித்தால் ஜிஇடிசி என்னும் பொதுக் கல்விச் சான்றிதழ்.

நாங்கள் போன மையத்தில் கட்டணம் கேட்கவில்லை. ஐடி நகல் கொடுத்தோம், எந்த நிலையில் சேர்ப்பது என்று பார்க்க ஒரு சிறு தேர்வு வைத்தார்கள். கணக்கில் அவர் மூன்றாம் நிலைக்குத் தேறினார், ஆங்கிலத்தில் முதல் நிலைதான். அதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆங்கிலத்துக்கு முதல் நிலை என்று எழுதி உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு இதில்தான் பெரிய வருத்தம். பள்ளிக்குப் போகவே வாய்ப்பில்லாமல் போனவரும், பள்ளிக்குப் போயும் எழுத்து மண்டையில் ஏறாமல் போனவரும் அங்கே ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். முன்னவருக்கு நல்ல ஆசிரியர் போதும். பின்னவருக்கு வேறு விதமாகச் சொல்லித்தர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முறையும் தோற்றுப்போன எண்ணத்தோடு வீட்டுக்குப் போவார்.

எங்கள் அதிர்ஷ்டம், ஆங்கிலம் எடுத்த அம்மா கவனமானவர். ஜூலு பேசும் பெரியம்மா ஒருவர். வகுப்பில் எல்லாரும் என் கணவரை மரியாதையாக பாபா என்று கூப்பிடுவார்கள், அந்த ஆசிரியரும் அப்படித்தான். ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்து, "பாபா வாயால் சொல்லும் பதில் நான்காம் நிலைக்குப் போதும், கையால் எழுதுவது முதல் நிலையிலேயே நிற்கிறது. ஒரு சைக்காலஜிஸ்டிடம் காட்டுங்கள்" என்றார். இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாத வார்த்தை.

அடுத்த படிதான் மிகவும் செங்குத்து. பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் சிரமத்தைக் கண்டறிந்து உதவ 2014இலிருந்து ஒரு தேசியக் கொள்கை இருக்கிறது. மாவட்ட அளவில் அதற்கென்று குழுக்களும் இருக்கின்றன. பெரியவர்களுக்கு அப்படி ஒரு வாசல் எங்கேயும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு அரசு மருத்துவமனையில் கேட்டோம், அவசர நோயாளிகள் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள் என்று பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்கள். தனியார் எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் கேட்ட தொகை எங்கள் கைக்கு எட்டவில்லை. கடைசியில் வழி காட்டியதும் அந்த ஆசிரியர்தான். பல்கலைக்கழகங்களில் உளவியல் மாணவர்கள் மேற்பார்வையின் கீழ் பயிற்சி எடுக்கும் கிளினிக்குகள் இருக்கின்றன. வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்குவார்கள். காத்திருக்க வேண்டியதுதான், ஆனால் நடந்தது. எங்கே போனாலும் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: அறிக்கையில் கையெழுத்துப் போடுபவர் ஹெச்பிசிஎஸ்ஏ என்னும் தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தாளை யாரும் ஏற்கமாட்டார்கள்.

பரிசோதனையில் சொற்களை ஒலியாகப் பிரிக்கச் சொன்னார்கள், அர்த்தமில்லாத சொற்களை வாசிக்கச் சொன்னார்கள், நேரம் வைத்து ஒரு பத்தி வாசிக்க வைத்தார்கள். அவர்கள் கேட்ட ஒரு கேள்வி எனக்கு முக்கியமாகப் பட்டது: வேறு மொழியில் எப்படி? சின்ன வயதில் கோயில் தமிழ் வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள், அங்கேயும் எழுத்துக்கூட்டியே நின்றுவிட்டார் என்று சொன்னேன். வீட்டில் பேசும் மொழியிலும் அதே சிரமம் இருந்தால், ஆங்கிலம் சரியாக வராததுதான் காரணம் என்று ஒதுக்க முடியாது என்று விளக்கினார்கள். உங்கள் வீட்டில் யாராவது தமிழ் வகுப்பிலும் தடுமாறியிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

அறிக்கை வந்த அன்று அவர் என்னை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். அறிவுத்திறன் நன்றாக இருக்கிறது என்ற வரி வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் நானும் தனியாக விட்டுவிட்டேன்.

அதன்பிறகு எல்லாம் சற்று வேகமாக நகர்ந்தது. முதல் மூன்று நிலைகளை மையத்திலேயே மதிப்பிட்டுவிடுவார்கள், நான்காம் நிலைக்குத்தான் தேசியத் தேர்வு. அதற்கு வாசித்துக்காட்ட ஒருவர், சொல்வதை எழுத ஒருவர், கூடுதல் நேரம் இதெல்லாம் சலுகையாகக் கேட்கலாம். அறிக்கை, ஆசிரியரின் கடிதம், அவர் கைப்பட எழுதிய தாள்கள் இவற்றை மையப் பொறுப்பாளர் மூலமாக அனுப்பினோம். தேர்வுக்குப் பதிவு செய்யும்போதே இதைத் தொடங்குங்கள். கடைசி நேரத்தில் நடக்காது.

வேலையிடத்தில் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. கேலி செய்வார்கள் என்று அவருக்குப் பயம். 1998ஆம் வருட எம்ப்ளாய்மெண்ட் ஈக்விட்டி சட்டத்தின்படி, வேலையில் சேரவோ முன்னேறவோ கணிசமாகத் தடையாக இருக்கும் நீண்டகாலக் குறைபாடு உள்ளவருக்கு நியாயமான ஏற்பாடு செய்து தரவேண்டியது முதலாளியின் கடமை. கட்டாயப்படுத்தி யாரும் கேட்க முடியாது, நாமாக விரும்பினால் சொல்லலாம். மனிதவளப் பிரிவில் அறிக்கையைக் காட்டினோம். கருவியில் எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதியைத் திறந்துவிட்டார்கள், பாதுகாப்பு விதிகளை வாய்மொழியாகச் சொல்லிக் கேள்வி கேட்டார்கள். இன்னொன்றும் தெரிந்தது: வருடச் சம்பளச் செலவு 5 லட்சம் ரேண்டுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் அதில் 1 சதவீதத்தைத் திறன் வரியாகக் கட்டுகின்றன. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 30க்குள் பயிற்சித் திட்டம் கொடுத்தால் அதில் ஒரு பங்கைத் திரும்பப் பெறலாம். வயது வந்தோர் கல்வியையும் அந்தத் திட்டத்தில் சேர்க்கலாம். அதனால் தயங்காமல் கேளுங்கள், முதலாளிக்கும் அதில் ஆதாயம் உண்டு.

கிடைக்காததையும் சொல்லிவிடுகிறேன். ஊனமுற்றோர் உதவித்தொகைக்குப் போடச் சொல்லிப் பலர் எங்களைத் தூண்டினார்கள். அது 18 முதல் 59 வயது வரை, குறைபாட்டால் உழைத்துப் பிழைக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கானது. வேலை பார்க்கிறவருக்கு டிஸ்லெக்சியாவை மட்டும் காட்டி அது கிடைக்காது. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆனால் எந்த அறிக்கையும் இல்லாமலே கேட்கக்கூடிய உதவிகள் இருக்கின்றன, இதைத்தான் நம் ஆட்கள் வெட்கப்பட்டுக் கேட்காமல் விடுகிறார்கள். அரசு உதவித்தொகைகளைக் கொடுக்கும் சாசா அலுவலகத்தில் உதவித்தொகைக்கான ஃபாரத்தை அதிகாரியே உங்கள் முன்னால் நிரப்பித் தருவார். போலீஸ் நிலையத்தில் அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) கொடுக்கும்போது கையெழுத்துப் போட முடியாதவர் அதற்குப் பதிலாகத் தன் குறியை வைக்கலாம். வாக்குச்சாவடியில், வாசிக்கத் தெரியாதவர் கேட்டால் தலைமை அதிகாரி உதவ வேண்டும் என்று தேர்தல் சட்டத்திலேயே இருக்கிறது. 2024 மே தேர்தலில் மூன்று வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். அத்தனை பெயர்களைப் பார்த்ததும் என் கணவர் தைரியமாகக் கையைத் தூக்கினார். முந்தைய தேர்தல்களில் தலைவர்களின் படத்தையும் கட்சிச் சின்னத்தையும் மட்டும் பார்த்துப் போட்டு வந்தவர் அவர்.

இப்போது நான்காம் நிலையில் கணக்கை முடித்துவிட்டார், ஆங்கிலம் பாக்கி. வாசித்துக்காட்ட ஆள் தர அனுமதி வந்துவிட்டது. மேற்பார்வையாளர் வேலை பற்றி நிறுவனம் இன்னும் பதில் சொல்லவில்லை. மையங்களில் வருடத் தொடக்கத்தில்தான் சேர்க்கிறார்கள். போகும்போது ஐடியும் வீட்டு விலாசத்துக்கான சான்றும் எடுத்துப் போங்கள். கணக்கிலும் வாசிப்பிலும் நிலை வெகுவாக வித்தியாசப்பட்டால், ஏன் என்று அங்கேயே கேளுங்கள்.