டிக் போட்டது என் பேனா

"எப்பவாவது ரெண்டு படம் விப்பேன் சார். அது தொழில்ல சேருமா?"

கேமராவுக்குக் காப்பீடு எடுக்க வந்தவர் கேட்டார். பதில் சொல்ல, ஏஜெண்டான நான் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் தொழிலா? பொழுதுபோக்குன்னே போட்டுக்கலாம்" என்றேன். படிவத்தில் டிக் போட்டதும் நான்தான்.

தொழில் என்று போட்டால் பிரீமியம் ஏறும். ஆள் "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிடுவார். அப்படிப் போனவர்கள் எந்தக் காப்பீடும் இல்லாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன். அரைகுறையாகவாவது ஒரு பாலிசி இருக்கட்டுமே என்று நினைத்தேன். கமிஷனையும் நினைத்தேன், மறைப்பானேன்.

அவர் ஒழுங்கான ஆள். கேமரா, மூன்று லென்ஸ், ஃபிளாஷ் எல்லாவற்றின் சீரியல் எண்ணையும் கட்டம் போட்ட தாளில் எழுதி, பில்களோடு பின் அடித்துக் கொண்டுவந்திருந்தார். லென்ஸில் பூஞ்சை பிடித்தால் கிடைக்குமா என்றுகூடக் கேட்டார். கிடைக்காது, அது மெல்ல மெல்ல வரும் சேதம், விபத்தில் சேராது என்று பொறுமையாக விளக்கினேன். காரில் வைத்துத் திருட்டுப் போனால் காரை உடைத்த அடையாளம் கேட்பார்கள் என்றும் சொன்னேன். பூஞ்சைக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அந்த முதல் கேள்விக்குக் கொடுத்திருக்கலாம். "யாராவது காசு பேசிக் கூப்பிடுறாங்களா?" என்று கேட்டிருந்தால் போதும்.

எடுத்து வைத்த படத்தை யாரோ பிடித்துப்போய் வாங்குவது வேறு, காசு பேசிக்கொண்டு எடுக்கப் போவது வேறு. முதலாவதைச் சில கம்பெனிகள் பொழுதுபோக்கு என்றே விட்டுவிடும். இரண்டாவது பெரும்பாலும் தொழில்தான். அவர் கேட்டது முதலாவதை. பிறகு கேமராப் பை திருட்டுப் போனதோ இரண்டாவதில், நண்பர் மூலம் வந்த ஒரு விழா வேலையில். வாங்கிய தொகையைக்கூடக் கிளைம் படிவத்தில் எழுதி வைத்திருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

கிளைம் பிரிவிலிருந்து போன் வந்தது. "பாலிசி எடுக்கும்போது விற்பனை பத்தி ஏதாவது சொன்னாரா?"

"ஃபார்ம்ல பொழுதுபோக்குன்னுதானே சார் இருக்கு?"

இதில் பொய் இல்லை. ஆனால் அவர்கள் கேட்டது ஃபார்மைப் பற்றி அல்ல.

தெரிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டியது காப்பீடு கேட்பவரின் கடமை என்பதற்கு 1766இல் இங்கிலாந்து நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்த்த கார்ட்டர் எதிர் போம் வழக்கைச் சொல்வார்கள். சுமத்ராவில் ஒரு கோட்டைக்கு அங்கிருந்த ஆளுநர் எடுத்த காப்பீடு. கோட்டையின் பலவீனத்தை ஆளுநர் சொல்லவில்லை என்பது காப்பீடு கொடுத்தவரின் வாதம். ஆனால் ஜெயித்தது ஆளுநர்தான். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட்டவர் அந்த அபாயத்தைத் தானே ஏற்றுக்கொண்டார் என்றார் நீதிபதி. இது எனக்கு முன்பே தெரியும். அந்த போன் வந்தபோதும் தெரிந்துதான் இருந்தது.

நான் சொல்லியிருந்தாலும் நிராகரித்திருப்பார்கள், காசு வாங்கிச் செய்த வேலைதானே. இப்படித்தான் சமாதானம் செய்துகொள்கிறேன். பாதி நாள் அது வேலை செய்கிறது.

நிராகரிப்புக் கடிதத்தோடு வந்தவர் சத்தம் போடவில்லை. "அன்னைக்கே உங்ககிட்ட கேட்டேனே சார்" என்றார்.

"நீங்க விக்கிறதப் பத்தித்தானே கேட்டீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆமா, அது சரிதான்" என்றார். அவர் திட்டியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கிளம்பும்போது திரும்பிக் கேட்டார்: "அடுத்த கேமரா வாங்கினா எதுல டிக் போடணும் சார்?"

"வாங்கிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்றேன்.